என் அட்டையில் விழுந்த பத்து

பாதி மூச்சை வெளியே விட்டுவிட்டு மீதியை உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வாய் இது, இன்றைக்கு எனக்கே வரமாட்டேன் என்கிறது. விட்டால் முழுசாகப் போய்விடுகிறது, பிடித்தால் தொண்டையில் முட்டுகிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஆடிக் காற்று வேறு. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் ரைஃபிள் கிளப்புக்கு இடம் பிடித்தவர்கள் காற்றை யோசித்ததாகத் தெரியவில்லை. சிமென்ட் தரை, அதன்மேல் ஒரு பாய், பாயின்மேல் குப்புறப் படுத்திருக்கும் நான், செண்பகவல்லி, ஐம்பத்துமூன்று வயது பி.டி. டீச்சர், தடித்த கான்வாஸ் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன். ஐம்பது மீட்டருக்கு அப்பால் மண்மேட்டுக்கு முன்னால் என் அட்டை. அதில் பத்துக் கறுப்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு, இதுதான் கடைசி அட்டை, இன்னும் மூன்று வட்டம் பாக்கி. என் வலப்பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம், இன்னொரு பாய். அதில் என் மகள் பூரணி. நான் சுடுவது சும்மா, மூத்தோர் பிரிவில் ஆள் குறைகிறது என்று பெயர் கொடுத்தது. அவள் சுடுவதுதான் போட்டி. இந்த அட்டையை இதேபோல முடித்தால் மாநில அணியில் அவளுக்கு இடம் உறுதி, திங்கட்கிழமை பயிற்சி முகாமுக்குக் கிளம்ப வேண்டும். அதே திங்கட்கிழமைதான் ரயில்வேயும் அவளை வரச் சொல்லியிருக்கிறது. அசிஸ்டென்ட் லோகோ பைலட். ரயில் ஓட்டப் போகிறாளாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். எதற்குப் போக வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை.

இதோ அவள் சுடுகிறாள். பக்கத்தில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். அவளுடையது ஜெர்மன் துப்பாக்கி, கன்னம் வைக்கும் கட்டையிலிருந்து தோள் தகடு வரைக்கும் எல்லாவற்றையும் அவள் உடம்புக்கு ஏற்றபடி திருகித் திருகி வைத்துக்கொள்ளலாம், ட்ரிகர் தொட்டதுமே விட்டுவிடும், நினைத்தவுடன் குண்டு போய்விட்டதா என்று சந்தேகம் வரும். என்னுடையது கிளப்பின் பழைய மார்ட்டினி, என்னைவிட மூத்தது. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கினால் வாய் திறக்கும், பெருவிரலால் குண்டை உள்ளே தள்ளி லீவரை மூட வேண்டும். ட்ரிகர் கனம். ஒரேயடியாக இழுத்தால் குழல் திரும்பிவிடும், இட்லி மாவுக்கு உப்புப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எப்போது வெடித்தது என்று நமக்கே தெரியாமல் வெடிக்கும், அப்படி வெடித்தால்தான் பத்து விழும். வயதானாலும் குழல் இன்னும் சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இதற்கும் முன்னால், காலேஜில் என்.சி.சி. முகாமில், திரீ நாட் திரீ சுட்டிருக்கிறேன். அது துப்பாக்கி இல்லை, எருமை. ஒவ்வொரு குண்டுக்கும் தோளில் ஒரு உதை. ராத்திரி தாவணியை விலக்கிப் பார்த்தால் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று ஒரு வாரம் கொல்லையில் தனியாகக் குளித்தேன். அந்த வலி எனக்கு எவ்வளவு பிடித்தது! அந்த வருஷம் டெல்லிக்குப் போகும் அணியில் என் பெயர் இருந்தது, அதே மாதம் பெண் பார்க்க வந்துவிட்டார்கள், நான் டெல்லிக்குப் போகவில்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஊரில் எத்தனை பேர் எத்தனையோ இடத்துக்குப் போகாமல் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் போகாத இடத்துக்குப் பிள்ளையையா அனுப்புகிறார்கள்?

காற்றுக்கொடி தளர்கிறது. இப்போது சுடலாம். குறிபார்க்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் வருகிறது, ஆடுகிறது, ஆடுவது துப்பாக்கி இல்லை, என் நாடி. கையில் இறுக்கிய தோல்வார் வழியாக நெஞ்சுத் துடிப்பு அப்படியே குழலுக்குப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதற்குள் விட வேண்டும். விட்டேன். பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கும் ஸ்கோப்பில் பார்த்தால் ஒன்பது, வலது ஓரம். காற்று கொடியில் நின்றாலும் தரையில் நிற்கவில்லை, கரிசல் மண்ணிலிருந்து கிளம்பும் கானல் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்க்காமல் சுட்டுவிட்டேன். பூரணி பார்ப்பாள். கானலைப் படிப்பதில் அவளை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. அவளுடைய துப்பாக்கிக்கு எந்த லாட் குண்டு பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு கோடை விடுமுறை முழுவதும் பாடுபட்டோம். ஒரே கம்பெனி, ஒரே அளவு, செய்து இறக்கிய தடவை மட்டும்தான் வேறு, ஆனால் ஒரு லாட் குண்டைச் சுட்டால் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும், இன்னொரு லாட் சுட்டால் சிதறும். அந்த இரும்புக்கு ஒரு ருசி. பெட்டி பெட்டியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, இதுதான் அதற்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு நான் கை தட்டினேன், பூரணியும் சிரித்தாள். துப்பாக்கிக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு கோடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த நான், அதைப் பிடித்திருந்த பிள்ளையிடம் ஒரு சாயங்காலமாவது கேட்டிருக்கிறேனா?

அவள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருக்கிறார், ரேஞ்சுக்குள் வருவதே இல்லை, சத்தம் ஆகாது. "பிள்ளையப் படுக்க வச்சே வளத்துட்ட வள்ளி" என்று ஒருநாள் சொன்னார். பேசிய பேச்சில் காரமே இல்லை, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், நான்தான் எரிந்து விழுந்தேன், உங்க வீட்டு ஆளுக மாதிரி சினிமாப் பாத்துக்கிட்டுக் கெடக்கச் சொல்லுதீங்களா என்று. ஆனால் அவர் சொன்னது நிஜம். பத்து வயதில் படுக்க வைத்தேன். அதற்கு முன்னால் அவளை ஒரு இடத்தில் நிற்க வைக்க முடியாது. வாலில்லாத குறைதான். சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்கும் ஓடுவாள், இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பாள், அந்த விசிலுக்குத் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். பொம்பளப் பிள்ளைக்கு என்ன விசில் என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் அதைச் சொல்லவில்லை, நான் அதைவிடத் தந்திரக்காரி, விசிலடிச்சா மூச்சு கலையும் ட்டீ, குறி தப்பும் என்றேன். அன்றோடு விட்டுவிட்டாள். ஏர் ரைஃபிளைக் கையில் கொடுத்து, குழலின் நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைத்தேன். குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் அழுத்த வேண்டும், காசு விழக்கூடாது, விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் காசு விழுந்துகொண்டே இருந்தது, அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. ரெண்டு மாதத்தில் காசு விழுவது நின்றது. நான் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்க, என் மக அசையவே மாட்டா என்று. அப்படியே அசையாமல் போய்விட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதும் கத்தவில்லை, அவள் தாத்தா செத்தபோதும் கத்தவில்லை, கண் மட்டும் நிறைந்து நின்றது. பார்த்தவர்கள் என்ன பக்குவம் என்றார்கள். பக்குவமா அது? நான் வைத்த காசு அவள் தலையில் இன்னும் இருக்கிறது, விழுந்துவிடக்கூடாதே என்று நடக்கிறாள்.

லீவரை இறக்கு, குண்டைப் போடு, மூடு. ஒன்பதாவது வட்டம். கானல் ஓடுகிறது, இந்தத் தடவை பார்த்துவிட்டேன், அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் இடமாகப் பிடி. சுட்டாயிற்று. பத்து. பரவாயில்லை, கிழவிக்கு இன்னும் கண் இருக்கிறது. பின்னால் மேஜையில் மரியதாஸ் சாருடைய தாள்கள் காற்றில் படபடக்கின்றன. ரிட்டயர்டு சுபேதார், ரேஞ்சில் அவர் வார்த்தைதான் சட்டம், தாளைப் பிடிப்பதா எங்களைப் பார்ப்பதா என்று திண்டாடுகிறார். பூரணி அதற்குள் ஒன்பதை முடித்து, கடைசிக் குண்டை உள்ளே தள்ளிவிட்டாள், போல்ட் மூடிய க்ளிக் கேட்டது. இதுவரை எல்லாம் பத்துக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது, பார்க்காமலே சொல்வேன், அவள் மூச்சு விடுகிற தாளத்திலேயே தெரியும். அணியில் பாக்கி இருப்பது ஒரே இடம், அதற்கு அடுத்து நிற்கும் திருச்சிப் பெண் அவளுக்கு மூன்று புள்ளி பின்னால். இந்த ஒன்று விழுந்தால் முடிந்தது, ரயில் போய்விடும், முகாம் மிஞ்சும். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் காலையில் அவள் சொன்னது காதுக்குள்ளேயே நிற்கிறது. பஸ்ஸில் துப்பாக்கிப் பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தாள். நான்தான் ஆரம்பித்தேன், ரயில்வேக்கு ஒரு மனு எழுதிப் போடு, ஆறு மாசம் தள்ளிக் குடுப்பாக, மெடலோட போனா இன்னும் நல்ல போஸ்டிங்கே கெடைக்கும் என்றேன். தள்ளமாட்டாகம்மா என்றாள். தள்ளாட்டி என்ன, ரயில் எங்க போயிரப் போகுது என்றேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நான் ரயிலு ஓட்டப் போறேம்மா. எனக்கு அதுதான் ஆச. உங்கிட்டச் சொல்ல எனக்குத் தெரியல."

"சொல்லிட்டேல்ல இப்ப. மொதல்ல இன்னைக்கி நல்லாச் சுடு."

"நல்லாச் சுட்டா நீ விடமாட்ட."

"பெறகு? மோசமாச் சுடப் போறியா?"

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மோசமாச் சுட எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லித்தரல" என்றாள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரி கேட்டிருப்பாளோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை? பிள்ளை என்னிடம் குறை சொல்லியிருக்கிறாள், நான் அதைப் பாராட்டுப் பத்திரம்போல மடித்து வைத்துக்கொண்டேன்.

ஹாரன். இடப்பக்கம், கரிசல் காட்டைத் தாண்டித் தண்டவாளம். தூத்துக்குடிக்குப் போகிற சரக்கு ரயிலாக இருக்கும், சத்தத்திலேயே தெரிகிறது, பாசஞ்சர் இவ்வளவு அழுத்தாது. சரக்கு ரயில் வந்தால் இங்கே யாரும் சுடமாட்டார்கள், சட்டம் ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். தரை நடுங்குவது முழங்கையில் ஏறும், வளையத்துக்குள் வட்டம் கொதிக்கிற உலைபோலக் குதிக்கும். எல்லாரும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சின்ன வயதில் பூரணிக்கு அந்த நேரம்தான் திருவிழா. படுத்த வாக்கிலேயே தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உரக்கப் பெட்டிகளை எண்ணுவாள். எண்ணிக்கை வளர வளரக் குரலும் ஏறும். பெட்டிய எண்ணாத ட்டீ, மூச்ச எண்ணு என்று குட்டினேன். வலிக்கிற மாதிரியா குட்டினேன்? தெரியவில்லை, வலித்திருக்கும், மோதிரக் கை. அதற்குப் பிறகு ரயில் வந்தால் அவள் தலை திரும்பாது, கட்டையில் கன்னம் வைத்தபடி குறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இதோ என்ஜின் கடக்கிறது, பெட்டிகள் வருகின்றன, தடதடவென்று முழங்கையில் ஏறுகிறது, நான் கன்னத்தை எடுத்துவிட்டேன், எல்லாரும் எடுத்திருப்பார்கள், தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டு மரியதாஸ் சார்கூட ரயிலைத்தான் பார்ப்பார். அப்போது அந்தச் சத்தம். ஜெர்மன் துப்பாக்கி. இந்த நடுக்கத்திலா? பூரணியா? அவள் ஒருநாளும் செய்யமாட்டாளே. கை தவறிவிட்டதா? அந்த ட்ரிகர் பொல்லாதது, தொட்டாலே விடும், ஐயோ, கடைசிக் குண்டு, என் தங்கமே, எங்கே போய் விழுந்ததோ.

ஸ்கோப்பைத் திருப்பி அவள் அட்டையைப் பார்க்கிறேன். கடைசி வட்டம் கறுப்பாக, முழுசாக இருக்கிறது. ஓட்டை இல்லை. வெள்ளையிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. மண்மேட்டுக்குப் போய்விட்டதா? ரயில் நடுக்கினாலும் அவ்வளவு தூரம் போகாது. ஸ்கோப் கொஞ்சம் இடப்பக்கம் நகர்கிறது, என் அட்டை வருகிறது, நான் இன்னும் சுடாத என் கடைசி வட்டம். அதன் நட்டநடுவில் ஒரு ஓட்டை. கம்பாஸ் வைத்துக் குத்தியதுபோல. பத்து. நல்ல பத்து. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் என்றாவது ஒருநாள் பக்கத்து அட்டையில் சுட்டுத்தான் தீருவார்கள், கிராஸ் ஃபயர் ஆகாத கை கிடையாது, களைப்பில் கண் ஒரு அட்டை தள்ளிப் போய்விடும். நானே சுட்டிருக்கிறேன். ஆனால் பூரணியின் கண் களைக்காது. அதுவும் ரயிலில் தரை நடுங்கும்போது, வேண்டுமென்று அந்த நேரத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், இந்த நடுக்கத்திலும் நடுவட்டத்தில் விழுமாறு... தலையைத் திருப்பினேன். கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லை. கெஞ்சலும் இல்லை. துப்பாக்கியின் போல்ட் திறந்து கிடந்தது. அவளுக்கு மோசமாகச் சுடத் தெரியாது, அதனால் நன்றாகவே சுட்டிருக்கிறாள், என் அட்டையில். கண் எனக்குப் பின்னால் ஓடும் ரயிலுக்கு ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் என் பிள்ளை என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தைக்கூட நான் சொல்லிக்கொடுத்த பாஷையில்தான் கேட்க வேண்டியிருக்கிறது, அவளுக்கென்று வேறு வாயை நான் விட்டுவைக்கவில்லை.

ஆனால் என்னிடம் ஒரு குண்டு இருக்கிறது. இதை எப்படிச் சொல்வேன், அழுதுகொண்டே இருக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது, கூப்பிடாமலே வந்தது. என் கடைசி வட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அவள் கடைசி வட்டம் காலி. என் குண்டை அவள் வட்டத்தில் போட்டுவிட்டால் இரண்டு அட்டையும் நிறைந்துவிடும். யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் குண்டு எண்ணித்தான் கொடுத்திருக்கிறது, எண்ணிக்கையும் சரியாக இருக்கும். திருச்சிப் பெண் திருச்சிக்குப் போவாள், பூரணி முகாமுக்குப் போவாள். என்னால் முடியும், இந்த மார்ட்டினியால் முடியும், அவள் அட்டை எத்தனை தூரத்தில் இருக்கிறது, முழங்கையை ஒரு விரலளவு நகர்த்தினால் போதும். நகர்த்தினேன். லீவரை இறக்கினேன், குண்டைத் தள்ளினேன், மூடினேன், என் கைகள் என்னைக் கேட்கவில்லை. வளையத்துக்குள் அவளுடைய வட்டம் வந்தது. ரயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, வால் நெருங்கிவிட்டது, நடுக்கம் குறைகிறது. அவள் என்னையே பார்ப்பது கன்னத்தில் தெரிகிறது, வெயில் படுவதுபோல. குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. தடுக்கவில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும், போடவில்லை. இந்தப் பிள்ளை என்றைக்குத் தடுத்தாள்? டயரை எடுத்து வைத்தேன், சரி என்றாள். விசிலை எடுத்தேன், சரி என்றாள். அவளுடைய காலி இடம் ஒவ்வொன்றையும் என் குண்டால் நிரப்பினேன், சரி சரி என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். இதோ இன்னொன்று. நாடி அடங்கிவிட்டது. மூச்சு தானாகப் பாதியில் நின்றது. காலையிலிருந்து வராத மூச்சு இப்போது வந்துவிட்டது, பாவி மூச்சு. விரல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதிலேயே கஷ்டமான பாடம் இதுதான். பாதி அழுத்தியபிறகு மனசு சரியில்லை என்று தோன்றினால் விரலை எடு, துப்பாக்கியை இறக்கு. யாரும் செய்யமாட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, விட்டுவிடலாம் என்றுதான் விரல் சொல்லும். சுடுவதைவிடச் சுடாமல் இருக்க வலு அதிகம் வேண்டும். நானும் சொல்லுவேனே தவிர, யோசித்துப் பார்த்தால், ஒருநாளும் விரலை எடுத்ததில்லை. இப்போது எடுக்க வேண்டும். விரல் வரமாட்டேன் என்கிறது. அது விரல் இல்லை, டெல்லிக்குப் போகாத அந்தச் சிறுக்கி, தோளில் கத்தரிக்காய் நிறக் கன்றலோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு, அமுக்கு அமுக்கு என்கிறாள். போதும் ட்டீ, என்று அவளிடம் சொன்னேன். உனக்கு வேண்டுமானால் நீ போயிருக்க வேண்டும். என் பிள்ளையை விடு. விரல் வந்தது. லீவரை இறக்கினேன், குண்டு பித்தளை மினுக்கத்தோடு பாயில் விழுந்து உருண்டது. கடைசிப் பெட்டியும் போய்விட்டது, தரை அமைதியாகிவிட்டது. கையைத் தூக்கினேன்.

"கிராஸ் ஃபயர் சார். என் அட்டையில கடைசி வட்டத்துல விழுந்தது என்னோடது இல்ல."

மரியதாஸ் சார் தாள்களின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார். குனிந்து என் ஸ்கோப்பில் பார்த்தார், அப்புறம் அவள் ஸ்கோப்பில்.

"பக்கத்து அட்டையில, அஞ்சாம் நம்பர்ல, ஒண்ணு காலியாக் கெடக்கு. ஏம்மா பூரணி, உன்னோடதா?"

"ஆமா சார்."

"நீயா? நீ இப்படிச் சுடமாட்டியேம்மா. டீச்சர், நல்லாப் பாத்துச் சொல்லுங்க, உங்களோடதா இருக்கப்போகுது."

இன்னொரு வாய்ப்பு. அவர் பாவம், நல்ல மனசில்தான் கேட்டார். "என் குண்டு இந்தா கெடக்கு சார்" என்று பாயைக் காட்டினேன். அவர் உச்சுக்கொட்டினார். அவள் அட்டைக்கு நேராகப் பூஜ்யம் எழுதும்போது அவர் பேனா நின்று நின்று ஓடியது. பின்னர் என்னிடம் சொன்னார், "உங்களோடத நீங்க சுட்டுருங்க டீச்சர். ரெண்டு ஓட்டையில எது யாரோடதுன்னு தெரியாமப் போச்சுன்னா ஒசந்தத உங்களுக்குப் போடணும், ரூல் அதுதான்." நல்ல ரூல். அவளுடைய பத்து என் கணக்கில். எப்போதும் அப்படித்தானே நடந்தது, அவள் போட்ட பத்தெல்லாம் என் கணக்கில்தான் விழுந்தது, தெருவில் நான்தான் தலை நிமிர்ந்து நடந்தேன். பாயில் கிடந்த குண்டைத் துடைத்து மறுபடி போட்டேன். கண்ணில் நீர் நின்றதால் வட்டம் இரண்டாகத் தெரிந்தது. மூச்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. சுட்டேன். அவளுடைய ஓட்டைக்கு இடப்பக்கம், கொஞ்சம் தள்ளி. "எட்டு சார்" என்றேன். "எட்டுதான் என்னோடது. தெரியுது. அதையே போட்டுக்கிடுங்க."

குழல் காலி என்று காட்டி, பாயைச் சுருட்டி, தோல்வாரைக் கழற்றும்போது கையில் ரத்தம் திரும்பி ஓடிக் குறுகுறுத்தது. பூரணி தன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள், துணியால் குழலைத் துடைத்து, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல அவ்வளவு மெதுவாக. அவளுக்கு இதன்மேல் வெறுப்பு இல்லை. அது இன்னும் வலித்தது, வெறுத்திருந்தால் சண்டைபோட்டு எப்போதோ தப்பித்திருப்பாள். ஏதாவது பேச வேண்டும். மன்னிச்சுக்கோ என்று சொன்னால் அவள் சரி என்பாள், அவளுக்கு எதற்கும் சரி என்று சொல்லித்தான் பழக்கம், அந்தச் சரியை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எத்தனை பாயிண்ட் என்றுதான் இத்தனை வருஷமும் இந்த இடத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வேறு என்ன கேட்பது? தண்டவாளத்தின் பக்கம் பார்த்தேன், ரயில் போன தடமே இல்லை, காட்டின்மேல் வெயில் மட்டும் கிடந்தது.

"இப்பப் போச்சுல்ல கூட்ஸு, அதுல எத்தன பெட்டி ட்டீ இருக்கும்?" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். சுட்டுக்கொண்டும் என்னைப் பார்த்துக்கொண்டும் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"அம்பத்தெட்டு" என்றாள் நிமிராமலே. "கடைசில வர்ற பிரேக் வேன் சேக்காம."

பெட்டியின் கொண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எண்ணாத நாளே இல்லம்மா" என்றாள். "சத்தம் போடாம எண்ணப் படிச்சிக்கிட்டேன்."